உலக மாறுதல்களும் உள்நாட்டு அரசியலும்

(புதுக்கோட்டையில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உலகத்தில் நிகழும் அரசியல் பொருளாதார மாறுதல்கள் ஒரு நாட்டின் உள்நாட்டு அரசியலை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இது கல்லூரிப் பேராசிரியர்களுக்கு உரிய பொருளென்று சிலர் எண்ணக்கூடும். யாம் அவ்வாறு எண்ணவில்லை. இராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, மேலைச்சிவபுரி, வலையப்பட்டி முதலிய ஊர்களிற் பிறந்த நம்மவர்க்கு இதனினும் அணித்தான பொருள் வேறில்லை. நம் வளவுகளைத் தாங்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. தளத்திற் கிடப்பது இத்தாலிச் சலவைக்கல். நம் சமஸ்தானத்தின் சொந்த நாணயமாகிய அம்மன் காசுகூடப் பிற்காலத்தில் இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் நகரத்து ஆலையில் அச்சிடப்பட்டு வந்தது. மழை குறைந்த இந்தச் செம்மண் நாட்டிலிருந்துகொண்டு, கடல்கடந்த விலைவாசியால் வாழ்ந்தும் தாழ்ந்தும் வந்தவர்கள் நாம்.

யாம் சொல்ல விரும்புவது ஒன்றே. உலகத்தில் விலை வீழ்வதையோ போர் மூள்வதையோ தடுக்கும் ஆற்றல் ஒரு சிறு நாட்டிற்கு இல்லை. தனி வகுப்பாருக்கு அதனினும் இல்லை. ஆனால், அவ்வாறு வரும் அடி யார் முதுகில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் உள்நாட்டு அரசியலேயாகும். ஒரே உலக மாறுதல் ஓரிடத்தில் சட்டமாகவும், மற்றோரிடத்தில் கலகமாகவும், வேறோரிடத்தில் நாட்டுப் பிரிவினையாகவும் முடிவதுண்டு. இதற்கு நம் சொந்த வரலாற்றினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஐராவதி நாட்டிற்கு உலகம் வந்த வகை

இன்று மியான்மர் எனப்படும் பர்மாவின் தென்பகுதியை ஆங்கிலேயர் 1852-ஆம் ஆண்டு கைப்பற்றினர். அப்பொழுது ஐராவதி நதியின் கழிமுகப் பிரதேசம் பெரும்பாலும் காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐரோப்பாவிற்கும் ரங்கூனுக்குமுள்ள கடல்வழி குறுகிற்று. அரிசிக்கு உலகச் சந்தை திறந்தது. பர்மியக் குடியானவன் காட்டை வெட்டிக் கழனியாக்க முற்பட்டான். 1850-களின் நடுவில் ஏழெட்டு லட்சம் ஏக்கராக இருந்த நெற்சாகுபடி, 1930-களில் எண்பது லட்சம் ஏக்கரையும் கடந்தது.

காட்டை வெட்டவும், மாடு வாங்கவும், அறுவடை வரையில் உண்ணவும் குடியானவனுக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேய பாங்கிகள் அவனுக்குக் கடன் கொடுப்பதில்லை. அவை நம்மவர்க்குக் கொடுத்தன, நம்மவர் குடியானவனுக்குக் கொடுத்தனர். ரங்கூன் மொகல் தெருவில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை வகுத்துக்கொண்டு, அங்கிருந்து ரயிலும் படகும் செல்லும் ஊர்தோறும் கடை வைத்தனர். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுக்கணக்கு முடித்துக் கப்பலேறி ஊர் திரும்புவது நம் வாழ்க்கை முறையாயிற்று. 1929-30-இல் அமைந்த பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் குழுவின் கணக்குப்படி, அந்நாட்டில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. நடப்பிலிருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். அதிற் பெரும்பகுதி நெல் நிலத்தை ஈடாகக் கொண்டு நின்றது. இதற்குச் சற்று முன்னர்ப் பர்மாவின் கவர்னராயிருந்த ஸர் ஹார்கோர்ட் பட்லர், அந்நாடு அடைந்த வளர்ச்சி நம்மவர் உதவியின்றி நேர்ந்திராது என்னும் கருத்துப்பட நம்மவரைப் பாராட்டிப் பேசியதும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொருவர் நின்ற இடத்தையும் நாம் நன்கு நோக்கவேண்டும். நெல்லின் விலையை உலகச் சந்தை வகுத்தது. கொள்முதலில் ஸ்டீல் பிரதர்ஸ் முதலான நான்கு ஐரோப்பியக் கம்பெனிகள் 1920-களில் ஒன்றுகூடி அவ்விலையை அடக்கின. நாணயமும் வரியும் சர்க்கார் கையில் இருந்தன. ஆனால், குடியானவன் லண்டன் சந்தையைக் கண்டதில்லை; கம்பெனித் துரையைக் கண்டதும் அரிது. தவணைநாளில் அவன் கண்டது நெற்றியில் விபூதியோடு பேரேட்டை விரித்து அமர்ந்திருந்த நம்மவரையே. உலகம் என்பது அவனுக்கு நம் முகமாகவே தோன்றியது. வளமான நாளில் இது நமக்குப் பெருமையாயிருந்தது. வறுமை வந்த நாளில் என்னாயிற்று என்பதை இனிக் காண்போம்.

விலை வீழ்ச்சி

1929 அக்டோபரில் நியூயார்க் நகரத்துப் பங்குச் சந்தை சரிந்தது. அதன் அதிர்ச்சி அடுத்த ஆண்டே ஐராவதிக் கழனிகளை எட்டிற்று. உலகெங்கும் விளைபொருள்களுக்குக் கிராக்கி இல்லாது போயிற்று. ரங்கூனில் நெல் விலை சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே இறங்கிற்று. விலை பாதியாயினும், கடன் பத்திரத்தில் எழுதிய தொகை பாதியாகவில்லை. தலைவரியும் நிலவரியும் பாதியாகவில்லை. முன்பு நூறு கூடை நெல்லால் தீரக்கூடிய கடனுக்கு இப்பொழுது இருநூறு கூடைக்கு மேல் அளக்க வேண்டும். குடியானவன் எவ்வளவு நாணயமுடையவனாயினும் இக்கணக்கு அவனுக்குக் கட்டிவராது.

பாங்கிகளோ நம்மவர்க்குக் கொடுத்துவந்த பணத்தைச் சுருக்கிக்கொண்டன. ஊரிலுள்ள விதவைகளும் கோயில்களும் உறவினரும் போட்டுவைத்த முதலுக்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பு மேலாள்மேல் இருந்தது. பணமாகத் திரும்பாத கடன் நிலமாகத் திரும்பிற்று. தென் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில், 1930-இல் நம்மவர் கையிலிருந்த நிலம் ஏறக்குறைய 5,70,000 ஏக்கர். நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் அது 24 லட்சம் ஏக்கரையும் கடந்து, நூற்றுக்கு 25 பங்காயிற்று. இந்நிலத்தை நம்மவர் விரும்பி வாங்கவில்லை என்பது உண்மையே. கொண்டுவிற்கப் போனவனுக்கு முதல் சுழலவேண்டும். நிலமாக உறைந்த முதல் அவனுக்குச் செத்த முதல். ஆயினும், கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர் ஏழாண்டிற்குள் அந்த ஜில்லாக்களின் விளைநிலத்தில் காற்பங்கிற்கு உடையவராயினர் என்பது மட்டுமே பர்மியர் கண்ணிற் பட்டது. தன் பாட்டன் வெட்டித் திருத்திய கழனியில் வாரத்திற்கு உழுபவனிடத்தில், நீ பொருளாதார விதியை நினைத்துப் பொறுத்துக்கொள் என்று யார் சொல்ல முடியும்?

மூன்று இடங்கள், மூன்று அரசியல்கள்

முதலாவது பர்மா. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியத் தொழிலாளருக்கும் வேலையைப் பற்றி எழுந்த பூசல் பெருங்கலகமாய் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் தாராவடி ஜில்லாவில் சாயா சான் என்பவர் தலைமையில் குடியானவர் கிளர்ச்சி எழுந்தது; சர்க்கார் அதனை ஆயுதங்கொண்டு அடக்கி, 1931 நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டனர். அவர் பொருட்டு நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞருள் ஒருவர் டாக்டர் பா மா. 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டபொழுது அந்நாட்டின் முதல் பிரதம மந்திரியாக அமர்ந்தவர் அதே பா மா என்பதை நாம் கருதவேண்டும். நெல் விலையின் வீழ்ச்சி தேர்தல் மேடைக்கு வந்து சேர்ந்த வழி இதுவே. 1938-இல் மறுபடியும் இந்தியருக்கு எதிராகக் கலகம் நிகழ்ந்தது. 1939-இல் குத்தகைதாரர் சட்டமும், 1941-இல் நிலம் பிறர் கைக்கு மாறுவதைத் தடுக்கும் சட்டமும் வந்தன. கம்பெனிகளுக்கும் சர்க்காருக்கும் எதிராக எழுந்திருக்கக்கூடிய கோபம் பெரும்பாலும் அந்நியன் ஒருவன்மேல் திரும்பிற்று. அந்த அந்நியன் நாமாயினோம்.

இரண்டாவது சென்னை மாகாணம். இங்கும் அதே விலைவீழ்ச்சி வந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மலிவான அரிசி வந்து இறங்கவே, தஞ்சை முதலிய ஜில்லாக்களில் நெல் விலை மேலும் தாழ்ந்தது. மிராசுதாரரும் சிறுகுடிகளும் கடனில் மூழ்கினர். 1931 செப்டம்பர் 21-இல் இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட, பவுனுக்கு ரூபாய் விலை ஏறிற்று. கையில் காசில்லாத குடும்பங்கள் தாலிக்கொடி ஒழிந்த நகைகளை விற்றன. அத்தங்கம் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. எந்த ஆச்சியின் பெட்டகத்தையும் லண்டன் நகரத்து முடிவொன்று திறக்கவல்லது என்பதை அக்காலம் காட்டிற்று.

ஆனால், இங்கே அந்தத் துன்பம் வேறு வழியிற் சென்றது. 1937 தேர்தலில் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. பதினாறு ஆண்டுகளிற் பெரும்பகுதி மந்திரிசபை அமைத்திருந்த நீதிக் கட்சி வீழ்ந்தது. ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை 1938-இல் விவசாயக் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 வரையில் நிலுவையாக நின்ற வட்டி தள்ளப்பட்டது. முதலுக்கு இருமடங்கு முன்னமே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. கடன் கொடுத்தவர்க்கு இது பெருநஷ்டமே. கசப்பும் வழக்கும் மிகுதியாயிருந்தன. எனினும் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மொழி பேசி, ஒரே கோயிலிற் கும்பிட்டு, ஒரே வாக்குச் சாவடியில் நின்றவர்கள். ஆதலின் நஷ்டம் பங்கிடப்பட்டது, யாரும் நாட்டைவிட்டு ஓட வேண்டிய நிலை நேரவில்லை.

மூன்றாவது நம் புதுக்கோட்டைச் சமஸ்தானம். மகாராஜா ராஜகோபாலத் தொண்டைமான் அப்பொழுது சிறுவர்; நிருவாகம் அதிகாரிகள் கையில் இருந்தது. 1924-இல் ஏற்பட்ட சட்டசபை பேசலாம். முடிவு செய்யும் அதிகாரம் அதனிடம் இல்லை. ஜனங்கள் பணமுடையால் தவித்த அக்காலத்தில், 1931-இல், வரிச்சுமையை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரில் எழுந்த கிளர்ச்சி கலவரமாய் முடிந்தது. சட்டத்தினால் தீர்த்துக்கொள்ளும் வழி குறுகியிருந்த இடத்தில் குறை தெருவிற்கு வந்தது.

ஒரே உலக மாறுதல், மூன்று முடிவுகள். குறையைச் சொல்லும் வாயும், கேட்கும் சபையும், தீர்க்கும் சட்டமும் உள்ள இடத்தில் அடி பங்கிடப்படுகிறது. அவை இல்லாத இடத்தில் அது கலகமாகிறது. அவற்றோடு, அண்மையில் நிற்கும் அந்நியன் ஒருவனும் அகப்பட்டுவிட்டால், முழுப் பாரமும் அவன்மேல் ஏற்றப்படுகிறது.

போரும் அதன் பின்னும்

1941 டிசம்பர் 23-இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு வீசின; 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நாலைந்து லட்சம் இந்தியர் அரக்கான் மலைவழியாகவும் மணிப்பூர் வழியாகவும் தாய்நாட்டை நோக்கி வந்தனர். பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர். அப்பெருவழியில் நடந்தவருட் பெரும்பாலார் கூலிவேலைக்குச் சென்ற ஏழைத் தமிழரும் தெலுங்கரும் ஒரியருமே என்பதை நாம் மறத்தலாகாது. நம் இழப்பைப் பற்றிப் பேசும்பொழுது, அவர்கள் இழந்ததையும் சேர்த்துப் பேசுவதே அறமாகும்.

பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து இந்தியாவிற்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி நின்றுபோயிற்று. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் மூண்டதற்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்று. அதில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் மடிந்தனர். தென்னாட்டிலும் ரேஷன் முறை வந்தது. பங்கீட்டு அட்டையும் கள்ளச் சந்தையும் அடுத்த பத்தாண்டு அரசியலின் பெரும்பேச்சாயின. 1952-இல் மறுபடி முதன்மந்திரியான ராஜாஜி செய்த முதற்காரியங்களுள் ஒன்று அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியதே.

போரினால் பிரிட்டன் தளர்ந்தது. இந்தியா விடுதலை பெற்றது. 1948 மார்ச் 3-இல் நம் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டமாயிற்று. பர்மாவும் 1948 ஜனவரி 4-இல் விடுதலை பெற்று, அவ்வாண்டிலேயே நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டஞ் செய்தது. சட்டத்தில் ஈடு சொல்லப்பட்டிருந்தும், போட்ட முதலுக்கு அது எவ்வாற்றானும் ஒப்பாகவில்லை. 1962 மார்ச்சில் ராணுவத் தலைவர் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஈராண்டுகளில் பாங்கிகளும் கடைகளும் சர்க்கார் வசமாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. எஞ்சியிருந்த இந்தியரில் லட்சக்கணக்கானோர் கப்பலேறினர். சென்னையிலுள்ள பர்மா பஜார் அக்கதையின் கண்கூடான மிச்சமாகும்.

அயல் விளைவித்த மாறுதல் நம் நாட்டிற்கு நன்மையும் செய்ததுண்டு. காலம் கடப்பதற்குள் முதலைத் திருப்பியவர் இந்நாட்டில் தொழில் வளர்த்தனர். 1937-இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்றிடத்தும் ஒரேநாளில் தொடங்கிற்று. மோல்மேனில் கடை நடத்திய முருகப்பச் செட்டியார் குடும்பத்தார் சென்னையில் ஆலைகள் கண்டனர். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி கண்டார். வட்டிக்கடையில் இருந்த செல்வம் ஆலையிலும் கல்விச்சாலையிலும் புகுந்ததால், தமிழ்நாட்டு அரசியலில் நம்மவர் நின்ற இடமும் மாறிற்று.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றைப் பற்றி நம் வீடுகளில் இருவகைப் பேச்சு உண்டு. நாம் பர்மாவை வளர்த்தோம், அவர்கள் நன்றி மறந்தார்கள் என்பது ஒன்று. வட்டி வாங்கியதற்கு வந்த வினை என்பது மற்றொன்று. இரண்டும் முழு உண்மையல்ல என்பது எம் கருத்து. மேலைச்சிவபுரியிற் பிறந்து, பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய வ. சுப. மாணிக்கனார், இளமையில் பர்மாவில் வட்டிக்கடையில் வேலைபார்த்தவர். முதலாளியின் பொருட்டு ஒரு பொய் சொல்ல மறுத்து வேலையைத் துறந்தவர் என்று புகழ்பெற்றவர். அத்தகைய நேர்மையாளர் ஆயிரவர் இருந்திருப்பினும் 1930-இன் விலை வீழ்ச்சி நின்றிராது; பர்மியனுக்கும் நமக்கும் இடையே இருந்த தூரமும் குறைந்திராது. தனிமனிதர் நேர்மை வேண்டற்பாலதே. அது மட்டும் ஒரு வகுப்பாரை அரசியல் வெள்ளத்தினின்று காவாது.

குறையாக நின்றது யாது? நம்மவர் மூன்றாண்டுக் கணக்கோடு போய், மூன்றாண்டுக் கணக்கோடு திரும்பினர். கிட்டங்கியிற் படுத்து, கோயிலிற் கும்பிட்டு, பேரேட்டைப் பார்த்து, ஊருக்கு உண்டியல் அனுப்பினர். அந்நாட்டுப் பள்ளியிலும் சபையிலும் வயலிலும் அவர்களுக்கு வேர் விழவில்லை. பொருளால் நெருங்கியும் வாழ்க்கையால் விலகியும் நின்றவன் மேலேயே உலகச் சந்தையின் பழி எளிதில் ஏறும். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகுட்டிகளோடு தங்கி அந்நாட்டுக் குடிகளாகிவிட்டவர்களின் நிலை வேறாக இருப்பது இதனை விளக்கும்.

இஃது அந்தக் காலத்துக் கதையென்று விட்டுவிடலாகாது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபொழுது, ஒரு லட்சத்து எழுபதினாயிரம் இந்தியரை விமானத்தில் ஏற்றிவர நேர்ந்தது. அப்போரினால் எண்ணெய் விலை ஏறி, அயல்நாட்டிலிருந்து வரும் பணம் தடைப்பட்டு, நம் சர்க்கார் 1991-இல் தங்கத்தை அயல்நாட்டில் அடகுவைத்தனர்; அவ்வாண்டு ஜூலையில் நாட்டின் பொருளாதாரக் கொள்கையே மாறிற்று. 2022-இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளும் மருந்தும் இன்றிப்போக, ஜனாதிபதியே நாட்டைவிட்டு வெளியேறினார். இன்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும், வளைகுடா நாடுகளிலும், அமெரிக்காவிலும் உழைக்கின்றனர். அங்கே ஒரு தேர்தலில் வேலை குறைந்தது என்னும் பேச்சு எழுந்தால், அந்தக் கோபம் தேடுவதும் அண்மையில் நிற்கும் அந்நிய முகத்தையே.

அவ்வாறே, நம் நாட்டில் விலைவாசி ஏறும்பொழுதும் வேலை குறையும்பொழுதும், பிறமொழி பேசும் கூலியாளையோ வேறு வகுப்பாரையோ பழிப்பதற்கு நம் நா முந்துமாயின், ரங்கூன் தெருவில் நம் பாட்டனார் எதிரே நின்ற கூட்டத்தை நினைத்துக்கொள்ளல் வேண்டும். பழி எங்கிருந்து வருகிறது என்று ஆராயாமல், கண்முன் நிற்பவன்மேல் அதனை ஏற்றுவது என்பது நமக்கு இழைக்கப்பட்டது. அதனை நாம் பிறர்க்கு இழைத்தல் தகாது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் ஊர்ப் பெட்டகங்களில் பர்மாக் கணக்குப் பேரேடுகளும், ஐந்தொகைகளும், மேலாள்கள் எழுதிய கடிதங்களும் இன்னும் கிடக்கின்றன. கரையான் அரிப்பதும், பழைய காகிதக்காரனிடம் போவதும் கண்கூடு. அவை வெறுங் கடன்கணக்கல்ல. நியூயார்க்கில் விழுந்த விலை ஒரு குடியானவனின் கழனிக்கும், அங்கிருந்து ஒரு நாட்டின் சட்டசபைக்கும் சென்ற வழியை நாள்தேதியோடு காட்டும் சான்றுகள். அவற்றில் நம்மவர் பெயரோடு, நிலம் இழந்த பர்மியர் பெயர்களும் உள்ளன. ஒவ்வோர் ஊரிலும் இளைஞர் இருவர் மூவர் கூடி அவற்றைத் தொகுத்துப் படியெடுத்துக் காப்பார்களாயின், இன்று யாம் பொதுவாகச் சொன்னதை நாளை அவர்கள் கணக்கோடு சொல்ல இயலும். அப்பணிக்குச் சங்கமும் குடும்பங்களும் துணைநிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.